கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஒரே வண்டிதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் கம்பீரம், அந்தப் பக்கம் நின்றால் குற்றம். வண்டிக்கு இது தெரியாது. ஓட்டுகிறவனுக்குத் தெரியும், வண்டியைத் தூக்கிக் கொடுத்தவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

கோடு என்பது வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே போட்டிருந்த மஞ்சள் கோடு. இந்தப் பக்கத்துச் சட்டத்தில் வண்டியின் உயரத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பின்சக்கரத்துக்குச் சேறு தெறிக்காமல் ரப்பர் தொங்கினால் போதும். பிக்கப் வண்டியை வீட்டுக் கூரை மட்டத்துக்குத் தூக்கி நிறுத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் கதையே வேறு. பம்பர் ஓர் அளவுக்கு மேல் உயரக்கூடாது, டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது. சாலை வளைகிற இடத்தில் ஒரு கொட்டகை போட்டு, கையில் அளவுகோலோடு ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார். கோல்காரர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பெரிய டயரில் ஆசை வைத்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள். அதுதான் வேடிக்கை. அந்த வேடிக்கையில்தான் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த பட்டறையில் அடுப்பு எரிந்தது. விடுமுறை நாளில் சின்னச் சக்கரத்தில் அடக்க ஒடுக்கமாக வருவார்கள். பட்டறையில் சின்னதைக் கழற்றிப் பெரியதை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கத்துச் சேற்று நிலத்தில் ஆசை தீர உழுதுவிட்டு வருவார்கள். மறுபடி பெரியதைக் கழற்றிச் சின்னதை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளைகளாக வீடு போவார்கள். அவர்களுடைய பெரிய டயர்கள் பட்டறையின் பின்கட்டில் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். வீடு முழுக்க ரப்பர் வாசனை. சோற்றிலும் அந்த வாசனைதான், தலையணையிலும் அந்த வாசனைதான்.

பட்டறைக்காரனுக்கு ஜாக்கி என்று பெயர். வண்டி தூக்குகிற ஜாக்கிதான். அவன் தூக்கின வண்டியில் சின்னச் சக்கரத்தை மாட்டினால், பம்பர் கோல்காரரின் அளவுக்குச் சரியாக ஒரு விரற்கடை கீழே நிற்கும். அந்த விரற்கடையில்தான் அவன் புகழே இருந்தது. எந்தப் பகுதியில் என்ன சட்டம் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"வடக்கால போனீங்கன்னா உயரத்துக்குக் கணக்கில்ல, ஆனா விளக்கு மேல ஏறிடக் கூடாது. மலைப்பக்கம் டயர் எவ்வளவு பெருசானாலும் சரி, பனி பெய்யற மாசத்துல மட்டும். தெற்கால வண்டியோட எடையைப் பொறுத்து உயரம். கிறுக்குப் பசங்க, ஒருத்தன் போட்ட சட்டம் இன்னொருத்தனுக்குப் புடிக்கிறதில்ல. இந்தக் கிறுக்கு இருக்கிற வரைக்கும் எனக்குச் சோறு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பான். வாய் அவனுக்கு எப்போதும் கொஞ்சம் நீளம்.

அவனுடைய சொந்த வண்டிக்கு மாடி என்று பெயர். ஏறிப் போக வேண்டியிருந்ததால் மாடி. உள்ளே உட்கார்ந்தால் வானமும் மரத்து உச்சியும் நன்றாகத் தெரியும். பானெட்டுக்கு முன்னால் ஒரு மாடு நின்றால் தெரியாது. மாடி கோட்டைத் தாண்டினதே இல்லை. தாண்டி அகப்பட்டால் வண்டியை நசுக்கித் தகடாக்கிவிடுவார்கள். அதுவே அங்கே ஓர் ஆள்மேல் மோதிவிட்டால் ஓட்டினவனோடு வண்டியைத் தூக்கிக் கொடுத்தவனும் உள்ளே போக வேண்டும், பட்டறைக்கும் பூட்டு. மாடி விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

ஜாக்கியின் பெண்டாட்டியை வாடிக்கையாளர்கள் எல்லோரும் அக்கா என்றார்கள். உண்மையான உரிமையோடு அப்படிக் கூப்பிட ஒரே ஒருவன்தான் இருந்தான், அவள் கூடப் பிறந்தவன். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். பட்டறையில் சக்கரம் கழற்றி மாட்டுவது அவன் வேலை. மழையில், சேற்றில், முழங்காலுக்குக் கீழே சாக்கை விரித்துக்கொண்டு, நாளெல்லாம் அந்த ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருப்பான். ஜாக்கி அவனை மாப்ளே என்பான். அதைச் சொல்கிற விதத்தில் மரியாதை துளியும் இருக்காது.

"மாப்ளேக்கு முட்டை ரெண்டு வைக்கிறியா? ஒண்ணு வை. நட்டுத் திருகறதுக்கு ஒரு முட்டை போதும்."

தம்பி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதவன் போலத்தான் இருந்தான். ஆனால் அந்தப் பக்கத்துப் பஸ் டிப்போவில் அவனுக்கு வேலை தயாராக இருந்தது. போகிறேன் என்று சொன்னபோது அக்காதான் பிடித்து வைத்தாள்.

"இந்த மழைக்காலம் முடியட்டும்டா. இப்பப் போயிட்டா இவரு தனியா என்ன பண்ணுவாரு? என்னைத்தான் பிடுங்கி எடுப்பாரு."

"நீயும் வந்துடேன்க்கா."

"போடா, பைத்தியம்."

மழைக்காலம் முடியவில்லை. ஒரு மாலை வாடிக்கையாளரான மருந்துக்கடைக்காரர் ஒருவர் வீடு திரும்ப அவசரப்பட்டார். அந்தப் பக்கத்துக்காரர். சேற்றில் உழுது முடித்துவிட்டு, சின்னச் சக்கரம் மாட்டி, வெள்ளைச் சட்டையும் மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். தம்பி ஸ்பேனரோடு வண்டியை மறித்தான்.

"ஒரு சுத்து சுத்திட்டு வாங்க சார். நட்டை இன்னொரு தடவை இறுக்கணும்."

"மழை வருதுப்பா."

"டேய், விடு, போகட்டும்" என்றான் ஜாக்கி உள்ளேயிருந்து.

"இல்ல மாமா, சக்கரம் மாத்தினா கொஞ்சம் ஓடினதும் நட்டு தளரும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"நான் சொல்லிக் குடுத்ததை எனக்கே திருப்பிச் சொல்றியா? ரொம்ப வளந்துட்ட மாப்ளே. அவரு என்ன உன்னைய மாதிரி வெட்டி ஆளா, ஊரைச் சுத்திட்டு வர்றதுக்கு? வழியை விடுறா."

தம்பி வழியை விட்டான். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. கோட்டைத் தாண்டினதும் பின்சக்கரம் ஆட்டம் கண்டு, போல்ட்டுகள் பாதி ஒடிந்து வண்டி சாய்ந்து நிற்கிறதாம். தம்பி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மழையில் நடந்தே போனான். சாப்பிடக்கூட இல்லை.

மிச்சமிருந்த போல்ட்டுகளில் நட்டைப் போட்டுச் சக்கரத்தை ஒருவழியாக நிறுத்திவிட்டேன், ஆனால் ஓட்ட முடியாது, இழுத்துத்தான் வரவேண்டும் என்று போனில் சொன்னான். இழுக்கிற வலு மாடிக்கு மட்டும்தான் இருந்தது.

"கோட்டைத் தாண்டணுமே" என்றாள் அக்கா.

"கோட்டுலேர்ந்து ரெண்டு எட்டு. இந்த மழையில கோல்காரன் என்ன கோலைத் தூக்கிட்டு ஓடியா வரப் போறான்? கயித்தைக் கட்டறோம், ரிவர்ஸ் எடுக்கறோம், முடிஞ்சது."

"அவன் காலைலேர்ந்து வெறும் வயித்துல இருக்கான். நானும் வரேன்."

"வா, வா. ஊட்டி விட்டுட்டு வா."

ரொட்டியையும் அவித்த முட்டைகளையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அவள் மாடியில் ஏறினாள். அன்றைக்கு இரண்டு முட்டை வைத்திருந்தாள்.

மருந்துக்கடைக்காரர் குடையோடு சாலையோரம் நின்றுகொண்டிருந்தார். மாடி மஞ்சள் கோட்டைத் தாண்டியபோது அக்கா டப்பாவை மடியோடு அணைத்துக்கொண்டாள். ஜாக்கி வண்டியை அவருடைய வண்டியின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். தம்பி கயிற்றோடு குனிந்ததைப் பார்த்தாள். அப்புறம் காணோம்.

"தம்பி எங்கங்க?"

"கயிறு கட்டிட்டிருப்பான்."

கயிறு எட்டவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் முன்னால் வா என்று மருந்துக்கடைக்காரர் குடையை ஆட்டினார். அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்கும் தம்பி தெரியவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. ஜாக்கி பிரேக்கிலிருந்து காலை லேசாகத்தான் எடுத்தான். மாடி முன்னால் நகர்ந்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறினது போல இருந்தது, அவ்வளவுதான். அக்காவின் மடியிலிருந்த டப்பா சரிந்தது.

"என்ன கருமம் கெடக்கு கீழ" என்று சொல்லிக்கொண்டே ஜாக்கி பின்னால் எடுத்தான். எடுத்த பிறகுதான் சத்தம் கேட்டது.

பம்பர் முதுகில் இடித்துக் குப்புறத் தள்ளியிருந்தது. சக்கரம் இடுப்பின் ஓரத்தில் ஏறி இறங்கியிருந்தது. தம்பிக்கு நினைவு தப்பவில்லை. ஒரு கன்னம் தார்ச்சாலையில் பதிந்திருக்க, கண்ணைத் திறந்து அக்காவைத்தான் பார்த்தான்.

"அக்கா, அசைக்காதீங்க. முதுகுல என்னமோ ஆயிடுச்சு. ஆம்புலன்சுக்குச் சொல்லு. அசைக்காதீங்க."

அக்கா போனை எடுத்தாள். ஜாக்கி அவள் கையைப் பிடித்தான். அவன் தம்பியைப் பார்க்கவில்லை. திரும்பி, மழையில் பளபளத்துக்கொண்டிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தான்.

"இரு. இங்க வேணாம்."

"என்னங்க சொல்றீங்க?"

"இங்க வந்து பாத்தாங்கன்னா முடிஞ்சது. வண்டி போச்சு, பட்டறை போச்சு, நானும் உள்ள. கோட்டுக்கு அந்தாண்ட போயிட்டா வெறும் ஆக்சிடென்ட்டு. புரியுதா? ரெண்டு எட்டுதான். நான் தோளைப் புடிக்கிறேன், நீ காலைப் புடி."

"அசைக்க வேணாங்கறானே."

"வலியில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இந்தா, நான் ஜெயிலுக்குப் போனா நாளைக்கு இவன் ஆஸ்பத்திரிச் செலவை யாரு பாப்பா? நீ பாப்பியா? நிக்காத. புடிடி காலை!"

அவளுக்கு இரண்டு கை இருந்தது, வாய் இருந்தது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். தம்பி மேலே படுத்துக் கட்டிக்கொண்டு, வேண்டுமானால் என்னையும் சேர்த்துத் தூக்கு என்றிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பூட்டின பட்டறை ஒரு கணம் கண்ணுக்குள் வந்தது. குனிந்து கணுக்கால்கள் இரண்டையும் பிடித்தாள்.

தம்பி குதிகால்களைச் சாலையில் ஊன்றித் தடுத்தான். வலது கால் ஓர் உதை உதைத்து அவள் பிடியிலிருந்து வழுவியது.

"அக்கா, வேணாம்க்கா. நீயாவது சொல்லுக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்கடா, கண்ணு. ரெண்டே எட்டுடா" என்று அழுதுகொண்டே அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிள்ளைக்குச் சட்டை மாட்டும்போது திமிறினால் பிடிப்பது போலத்தான் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். நடுவில் பிடிக்க ஆள் இல்லை. மருந்துக்கடைக்காரர் குடையோடு பார்த்துக்கொண்டு நின்றார். தம்பியின் இடுப்பு தூளி போலத் தொய்ந்தது. பாதி வழியில் அவன் கத்தினான். பிறகு கத்தவில்லை. கோட்டைத் தாண்டி இறக்கி வைத்தபோது அவள் கையிலிருந்த கால்கள் அடம்பிடிப்பதை விட்டுவிட்டிருந்தன. அடங்கிவிட்டான் என்று அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த ஆறுதலை அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

ஜாக்கி மாடியையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓட்டி வந்து நிறுத்திவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் செய்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"அடிபட்டதும் காலை அசைச்சாரா?"

அக்காவின் கைக்குள் அந்த உதை இன்னும் இருந்தது. "தெரியலிங்க" என்றாள்.

"ஏன் கேக்கறேன்னா, மோதினதுல எலும்பு ஒடிஞ்சிருக்கு, சரி. அப்படியே கிடந்திருந்தா ஆபரேஷன் பண்ணிக் காலைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். ஒடிஞ்ச துண்டு நகர்ந்து நரம்பை வெட்டிடுச்சு. யாரோ தூக்கியிருக்காங்க. யாரு தூக்கினது?"

ஜாக்கி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். அக்கா முந்தானையைச் சுருட்டினாள்.

"யாரும் தூக்கலைங்க. அவனாத்தான் எழுந்திரிக்கப் பாத்தான்."

பழியையும் அவன் மேலேயே போட்டாயிற்று. டாக்டரம்மா அதை நம்பினாளோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை. இனி நடக்க மாட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

கதை அதோடு விடவில்லை. மருந்துக்கடைக்காரர் தன் வண்டிக்குக் காப்பீடு கேட்கப் போன இடத்தில், கேள்விமேல் கேள்வி கேட்டார்கள் என்று உள்ளதைக் கக்கிவிட்டார். ஒருநாள் காலை கோல்காரர் பட்டறை வாசலுக்கே வந்து நின்றார்.

"ஆள் விழுந்தது எங்க பக்கம். நீங்க தூக்கிட்டு வந்து இந்தப் பக்கம் போட்டிருக்கீங்க."

"அவரு சொல்றது பொய்யி சார். இந்தப் பக்கம்தான் விழுந்தான். வேணும்னா என் சம்சாரத்தைக் கேளுங்க. இந்தா, சொல்லு!"

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"எங்க விழுந்தாருன்னு வந்து காட்டுங்க. சர்வேயர் வந்திருக்காரு. எல்லையை அளந்து எழுதிடலாம்."

எல்லோரும் நடந்து போனார்கள். ஜாக்கி கோட்டுக்கு இந்தப் பக்கத்தைக் காட்டினான். மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கத்தைக் காட்டினார். சர்வேயர் இரண்டையும் சட்டை செய்யவில்லை. வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அளவுச் சங்கிலியைப் பிடித்தபடி கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். மருந்துக்கடைக்காரரின் வண்டி நின்ற இடத்தையும் தாண்டினார். சாலையோரப் புதருக்குள் இறங்கி, கூட வந்த ஆளை மண்வெட்டியால் வெட்டச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் டங்கென்று சத்தம் கேட்டது.

"இந்தா இருக்கு கல்லு. எல்லை இதுதான்."

"அப்ப அந்தக் கோடு?" என்றார் கோல்காரர்.

"அதுவா? ரோடு போட்டப்ப புதுத் தார் அதோட தீந்து போச்சு. தீந்த இடத்துல கோட்டைப் போட்டுட்டுக் கெளம்பிட்டாங்க. அதுல அளவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

கோல்காரர் கல்லையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டுல எங்க விழுந்திருந்தாலும் உங்க பக்கம்தான். எனக்கு இங்க வேலை இல்ல" என்று கோலை மடக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஜாக்கி முதலில் திறந்த வாய் மூடாமல் நின்றான். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சர்வேயரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினான்.

"கேட்டியா? எல்லாமே நம்ம பக்கம்தானாம்! இத்தனை நாளா வெறுங்கோட்டுக்குப் பயந்து செத்திருக்கோம், பாரு!"

அக்கா அசையவில்லை. தம்பி விழுந்த இடமும் தெரிந்தது, கொண்டுவந்து போட்ட இடமும் தெரிந்தது. இரண்டும் ஒரே சாலை, ஒரே பக்கம். தூக்காமலே இருந்திருக்கலாம். ஓர் ஓலம் கிளம்பியது. சர்வேயர் இருந்ததால் விழுங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜாக்கி குரலைத் தாழ்த்தினான். "இதை அவன்கிட்ட உளறி வைக்காத. தெரிஞ்சா என்னைய சும்மா விடுவானா? உன்னையும்தான். காலைப் புடிச்சது நீ."

தம்பியின் கட்டில் பின்கட்டில், அடுக்கின டயர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜாக்கியே செய்த கட்டில். பழைய பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டைகளை வெட்டிப் பற்றவைத்து, அடியில் ஒரு ஜாக்கியையும் பொருத்தியிருந்தான். கைப்பிடியை அடித்தால் கட்டில் உயரும்; அக்கா குனியாமல் துடைத்துவிடலாம். கட்டில் வந்த அன்றைக்கு அவன் அடித்த ஜோக்கைப் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

"ஊர் வண்டியெல்லாம் தூக்கினேன். கடைசியில உன்னையும் தூக்கிட்டேன் மாப்ளே!"

அக்கா சுடுதண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு போனாள். வெளியே ஜாக்கி யாருக்கோ போனில் கல்லு கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்ன பேசுகிறான் என்பது உள்ளே கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது.

"மாமா குஷியா இருக்காரு போல" என்றான் தம்பி. "கேசு என்னாச்சு?"

"முடிஞ்சு போச்சுடா. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அவன் நெடிய மூச்சு விட்டான். முகம் தெளிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு தெளிவை அவள் பார்க்கவே இல்லை.

"அப்பாடா. உன்மேல அன்னைக்கு எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமாக்கா? இவ எனக்கு அக்காவான்னு நெனச்சேன். அப்புறம் இங்க படுத்துக்கிட்டு யோசிச்சுப் பாத்தேன். நீங்க மட்டும் அந்தாண்டயே விட்டிருந்தீங்கன்னா மாமா உள்ள, பட்டறைக்குப் பூட்டு, நீ தெருவுல. என் காலு ரெண்டும் போனாலும் வீடு நின்னுச்சு. வீணாப் போகலை, இல்ல?"

அவள் துணியைத் தண்ணீரில் முக்கினாள். பிழிந்தாள். மறுபடி முக்கினாள்.

"சொல்லுக்கா. வீணாப் போகலைல்ல?"

"இல்லடா" என்றாள் அக்கா. "வீணாப் போகலை."

"நல்லவேளை, நீ அன்னைக்கு என் பேச்சைக் கேக்கலை." அவன் சிரித்தான். "முதுகு வேகுதுக்கா. திருப்பி விடு."

அவள் கைப்பிடியை அடித்துக் கட்டிலை உயர்த்தினாள். போர்வையை விலக்கினாள். மெலிந்துபோயிருந்த கணுக்கால்களின் அருகே போன கைகள் அப்படியே நின்றுவிட்டன.

"என்னக்கா?"

"மெதுவா புடிக்கணும்டா. வலிக்கப் போவுது."

"அட, புடிக்கா" என்றான் தம்பி. "இனிமே எப்படிப் புடிச்சா என்ன?"

அவள் பிடித்தாள். கால்கள் தடுக்கவில்லை.